ஓரியானாவுக்குத் தேங்காய் பிடிக்கும்

செப்டம்பர் 2, செவ்வாய்

சீட்டு எடுத்தாயிற்று. ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தக் கூத்து உண்டு. அன்பும் நட்பும் கொண்டாடுகிறோமாம். கீழே பொதுக்கூடத்தில் தோன்யா அம்பாரோ பெயர்ச்சீட்டுகளை ஒரு குக்கருக்குள் போட்டுக் குலுக்கினார். நம் கையில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் ரகசிய நண்பர். இருபதாம் தேதி சனிக்கிழமை வரை, யாரென்று காட்டிக்கொள்ளாமல், வாசல் காவலறையில் அவருக்கு இனிப்பு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று மாலை எல்லாரும் கூடி, "நான்தான் அது!" என்று கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வந்தது நாலாம் மாடி தோன் ஒக்தாவியோ. லிஃப்டை நனைக்கும் நாயின் சொந்தக்காரர். இனிப்பு அவருக்கா நாய்க்கா என்று சீட்டில் போடவில்லை.

நான் கழன்றுகொள்ளத்தான் பார்த்தேன். தோன்யா அம்பாரோ இந்தக் கட்டடத்தின் நிர்வாகி. 'தோன்யா' என்ற மரியாதைப் பட்டத்தோடுதான் அழைக்க வேண்டும், ஆண் என்றால் 'தோன்'. நாங்கள் காணும் கனவுகளை மட்டும்தான் அவர் இன்னும் நிர்வகிக்கவில்லை. "ஏம்மா, பிரெஞ்சு டீச்சர்னா பெரிய இவளா நீ? ஒரு மிட்டாய் வாங்கி வைக்கக் கை வலிக்குதோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பிறகு சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு குழுப் படம். நான் தலையைக் குனிந்தேன். "நிமிரு கண்ணு, எவ்ளோ லட்சணமா இருக்கே" என்று தாடையை நிமிர்த்திவிட்டு எடுத்தார்.

ஆமாம், நான் பிரெஞ்சு டீச்சர். இணையத்தில் வகுப்பு எடுக்கிறேன். கட்டடம் அப்படித்தான் நம்புகிறது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சில சத்தங்கள் வருவதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் மாடி அம்மாள் ஒருநாள் லிஃப்டில், "உங்க பாடம் ரொம்பக் கஷ்டமோ?" என்று பரிதாபப்பட்டார். எனக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லத் தெரியும். நன்றி பாதி தெரியும்.

உண்மையில் நான் பார்ப்பது வேறு வேலை. காசு கொடுத்துப் பார்க்கும் ஆண்களுக்காக, கேமரா முன்னால் சிரித்துப் பேசி ஆடை களைவது. ஏழு வருடமாகச் செய்கிறேன். வரி கட்டுகிறேன். அம்பாரோவின் தம்பி மகனுக்குப் பிரெஞ்சு சொல்லித் தராமல் தப்பிப்பதுதான் இந்தத் தொழிலில் இதுவரை நான் பட்ட பெரிய பாடு.

செப்டம்பர் 4, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. எங்கள் காலி நகரத்தில் மலைக்காற்று இறங்குவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு மதியம் இரண்டு மணி என்றால் ஐரோப்பாவில் இரவு, அந்நேரம்தான் கூட்டம்.

கேமராவுக்குள் என் பெயர் ஓரியானா. ஊர் மொந்தெவிதேயோ, நாடே வேறு. கட்டடக்கலை படித்தவள். பூனை என்றால் தும்மல் வரும், தேங்காய் என்றால் உயிர். இதில் ஒன்றுகூட நிஜமான யமிலேவுக்கு, அதாவது எனக்கு, பொருந்தாது. தேங்காய் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும். தொழிலுக்கு வந்த புதிதில் மர்யுரி சொல்லிக் கொடுத்தது இது. "டீ, உனக்கு நிஜமாப் பிடிச்சது ஒண்ணுகூட அவனுங்களுக்குத் தெரியக்கூடாது. பொய்யாவே ஒரு பொம்பளையச் செஞ்சு வை. நாளைக்கு எவனாவது அவளத் தேடி வந்தா, வாசல்லயே உனக்குத் தெரிஞ்சுடும்." மர்யுரி எனக்கு முன்பே இந்தத் தொழிலில் இருப்பவள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள்.

அதனால் என் பின்னால் வெறும் சுவர். ஜன்னல் திரை எந்நேரமும் மூடியே. உள்நாட்டில், கொலம்பியாவிலிருந்து எவரும் நுழைந்து பார்க்காதபடி என் இணைய அறைக்குப் பூட்டு. அவகாடோ வண்டி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்தால் உடனே பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். ஒருமுறை கை எட்டவில்லை. ஹாலந்துக்காரர், "யார் கத்துவது?" என்றார். "பக்கத்து வீட்டில் ஓபரா பயிற்சி," என்றேன். குரல் வளம் அபாரம் என்று பாராட்டினார்.

அறையில் கண்டபடி பேசுகிறவர்களை வெளியே தள்ள 'காவலன்' இருக்கிறார். அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. இரண்டு வருடப் பழக்கம், பார்சிலோனாக்காரர், மரியாதைப்பட்டவர். அதனால் அந்த அதிகாரத்தை நானே கொடுத்தேன். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னால் அடுத்த நொடி ஆள் காலி. ஆனால் அறிவுரைதான் தாங்கவில்லை. இன்றைக்கும்: 'ஓரியானா, உலகம் கெட்டுக்கிடக்கிறது. யாரையும் நம்பாதே. வீட்டுக் கதவைப் பூட்டினாயா?' நான் உடம்பில் துணியில்லாமல் உட்கார்ந்து, பூட்டினேன் என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 6, சனி

எனக்கு முதல் இனிப்பு வந்தது! காவலர் தோன் வில்மர் பெட்டியை நீட்டி, "யமிலேம்மா, யாருக்கோ உங்க மேல ரொம்பப் பாசம்" என்று கண்ணடித்தார். திறந்தால் தேங்காய் மிட்டாய். அடக் கடவுளே! எந்தப் புண்ணியவான் இந்தக் கட்டடத்தில்? அப்படியே வில்மரிடம் கொடுத்துவிட்டேன். ஒரே வாயில் இரண்டு போட்டுக்கொண்டார்.

தோன் ஒக்தாவியோவுக்கு நான் சாக்லேட் வைத்தேன். நாய்க்கு ஒரு எலும்பு பிஸ்கட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

மறுபடியும் தேங்காய்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த விளையாட்டில் என்ன வேண்டும் என்று ஜாடையாகப் பேசலாம். எனவே லிஃப்டில், மாடிப்படியில், துணி உலர்த்தும் இடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம் தேங்காயை வைதேன். "கொய்யாக் கட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கிடைச்சா உயிரையே எழுதிக் குடுத்துடுவேன்" என்று அம்பாரோ காதில் விழும்படி பெருமூச்சு விட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்தான் என் ரகசிய நண்பர், சந்தேகமே இல்லை. கஞ்சப் பிசினாறி, தள்ளுபடியில் ஒரு மூட்டை வாங்கிப் போட்டிருப்பார்.

செப்டம்பர் 11, வியாழன்

என் எழுத்து எனக்கே புரியவில்லை.

மூன்றாவது பெட்டியும் தேங்காய். இம்முறை நீல ரிப்பன் கட்டி. அதை மேசைமேல் வைத்துவிட்டு, வேலைக்காக முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தேங்காய் பிடிக்கும் என்று இந்தக் கட்டடத்தில் எவளாவது சொன்னாளா? யாருக்காவது அப்படித் தோன்ற வழி இருக்கிறதா? ஊரெல்லாம் வைதுவிட்டு வந்த பிறகும் ஏன் தேங்காய்? அப்போதுதான் உறைத்தது. சொன்னவள் ஓரியானா. நீல ரிப்பன் வேண்டும் என்று போன வாரம் சிணுங்கியவளும் அவள்தான்.

பெட்டி மேல் ஓரியானா என்று இல்லை. யமிலே ஒஸ்பினா, வீட்டு எண், எல்லாம் சரியாக இருக்கிறது.

ஐயோ, எவனோ வந்துட்டான். வாசல் வரைக்கும் வந்துட்டான். நான் சிரிச்சிக்கிட்டே வாங்கிட்டு வந்திருக்கேன். என்ன புத்தி எனக்கு!

கீழே ஓடினேன். "யாரு தோன் வில்மர் கொண்டுவந்தது?"

"அது எப்படிம்மா சொல்றது? விளையாட்டு கெட்டுப்போயிடும். அம்பாரோ அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

"விளையாட்டு இல்ல, சொல்லுங்க!"

"மோட்டார் சைக்கிள் பையனுங்கதான் கொண்டுவர்றானுங்க. ஒவ்வொரு தடவையும் வேற பையன். யாரு அனுப்பினதுன்னா, ரகசிய நண்பர்ங்கிறானுங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மிட்டாய் கெட்டுப்போயிருந்துச்சா? நான் வேற எல்லாத்தையும் தின்னுட்டேனே" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

வேலைக்கு உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால் சோபாவைத் தள்ளி வைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

புகார் கொடுக்கப் போனேன். ஒரு இளம் அதிகாரி, சட்டை மடிப்புக் கலையாதவர்.

"யார் மேல புகார்?"

"தெரியாது சார்."

"பேரு?"

"தெரியாது."

"அடையாள எண்?"

"தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வரேன்?"

"சரி, என்ன செஞ்சார் அந்தத் தெரியாதவர்?"

"மிட்டாய் அனுப்பறார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, செப்டம்பர் மாசத்துல மிட்டாய் அனுப்பறவனையெல்லாம் பிடிச்சா, நாட்டுல பாதிப்பேர் உள்ள இருப்பாங்க. எனக்கே நாலு வந்திருக்கு." மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். நிஜமாகவே நாலு இருந்தது.

என் தொழிலைச் சொன்னேன். சொல்லாமல் எப்படி விளக்குவது? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ உங்கள யாரும் பாக்கக்கூடாதுன்னா அந்த வேலைய விட்டுடலாமே?" என்றார். வங்கியில் கொள்ளை போனால் வங்கியை மூடிவிடலாமே என்று கேட்பாரா? ஒரு பெயரோடு வந்தால் பதிந்துகொள்வதாகச் சொல்லி, கிளம்பும்போது ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

செப்டம்பர் 13, சனி

எப்படிக் கண்டுபிடித்தான் என்பதை மர்யுரி அரை மணியில் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் கட்டடத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறதாம். அம்பாரோ நடத்துகிறார். சீட்டெடுத்த அன்றைய குழுப் படம் அங்கே பளபளவென்று கிடக்கிறது. கட்டடத்தின் பெயர், தெரு, ஒவ்வொரு தலைக்கும் நேராகப் பெயர், வீட்டு எண், ரகசிய நண்பர் விளையாட்டு, இருபதாம் தேதி விழா. 'நம் அன்பான குடும்பம்' என்று தலைப்பு, சுற்றிலும் இதயங்கள். நடுவில் நிமிர்த்தப்பட்ட தாடையோடு நான்.

"உன் மூஞ்சியக் குடுத்துத் தேடினா இது வருதுடீ," என்றாள். "நீ ஏழு வருஷம் ஜன்னல் திறக்காம கிடந்தே. இந்தம்மா ஒரு நொடியில உன்ன மொட்டைமாடியில நிக்க வச்சுட்டா."

என் வீட்டுக்கு வந்துவிடு என்றும் சொன்னாள். மாட்டேன். எனக்கென்று நான் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்த ஒரே வீடு இது. எவனோ தேங்காய் அனுப்பினான் என்பதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டு நான் ஓட வேண்டுமா? ஓடினால் அங்கேயும் மிட்டாய் வரும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பொய்யால் வந்ததைப் பொய்யாலேயே பிடிக்கப் போகிறேன். என் நெடுநாள் வாடிக்கையாளர்களைத் தனித்தனியே கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு புது ஆசையைச் சொன்னேன். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்று வெட்கம் வேறு. ஹாலந்துக்காரரிடம் சூரியகாந்திப் பூ. டெக்சாஸ் பல் மருத்துவரிடம் பிஸ்தா. நாளெல்லாம் மனைவியைப் பற்றியே பேசும் நார்வேக்காரரிடம் மல்லிகைத் தேநீர். நானே நம்பிவிடும் அளவுக்கு நடித்தேன். காவலனிடம் பாகில் ஊறிய அத்திப்பழம்.

காவலனைச் சோதிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. 'சில நாட்களாக உன் முகம் வாடியிருக்கிறது, யாராவது தொந்தரவு செய்கிறார்களா? சொல், நான் இருக்கிறேன்' என்று அவர்தான் விசாரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

அத்திப்பழம்.

பாகு பெட்டிக்கு வெளியே ஒழுகியிருந்தது. வில்மர், "இது பிடிக்குமாம்மா?" என்று ஆசையோடு கேட்டார்.

அடப்பாவி! யாரையும் நம்பாதேன்னு தினம் பாடம் எடுத்தியேடா! கதவு பூட்டினியான்னு கேட்டியே, எந்தக் கதவுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டியா? இவனிடம் போய்க் கண் கலங்கினேனே. என் அறைக்கு நானே அமர்த்திய காவல்! எவ்வளவு பேரை இவன் சொல்லித் துரத்தியிருப்பேன். அவர்களில் பாதிப்பேர் இவனைவிட நல்லவர்களாக இருந்திருப்பார்கள்.

பார்சிலோனாவாம். எவன் கண்டான்? வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டால் என் பூட்டு திறந்துகொள்ளும் என்கிறாள் மர்யுரி. அதை அவள் ஏழு வருடம் முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

செப்டம்பர் 17, புதன்

இன்னும் அவனை வெளியே தள்ளவில்லை. தள்ளினால் உடனே கிளம்பி வந்துவிடுவானோ என்று பயம். ஒன்றும் தெரியாதவள்போல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் இதைவிட ஆபாசமாக எதையும் செய்ததில்லை.

வேலை முடிந்ததும் அவனிடமிருந்து செய்தி. 'அத்திப்பழம் இனித்ததா, யமிலே?' என் பெயர். முதல் தடவையாக. 'உன் தெரு முனையில் நின்று பார்த்தேன். வெளிக்கதவில் விளக்கு போதாது. பயப்படாதே, சனிக்கிழமை உங்கள் விழாவில் என்னை வெளிப்படுத்துகிறேன். இனி உன்னைக் காப்பது என் பொறுப்பு. எல்லார் முன்னாலும் என்னை மறுக்கமாட்டாய் என்று நம்புகிறேன். மறுத்தால், நீ என்ன பாடம் நடத்துகிறாய் என்று உன் அண்டை வீட்டாருக்கு நான் விளக்க வேண்டிவரும்.'

மிரட்டலிலும் எழுத்துப்பிழை இல்லை, வணக்கம் போட்டு முடித்திருக்கிறான்.

இரவு முழுக்க யோசனை. அவனிடம் இருப்பது ஒரே ஒரு கத்தி: இந்தக் கட்டடத்துக்காரர்களுக்குத் தெரியாது என்பது. அதை நானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால்? இவர்கள் என்னைத் துரத்திவிட்டால்?

செப்டம்பர் 18, வியாழன்

அம்பாரோவிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுச் சமையலறையில், கடுங்காப்பி ஆறிக்கொண்டிருக்க.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் முதலில் கேட்டது, "அப்போ பிரெஞ்சு?"

"தெரியாது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

"என் சென்ட் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொன்னியே. ராணிகளுக்கான மணம்னு!"

"சும்மா அடிச்சுவிட்டேன், தோன்யா அம்பாரோ."

"நான் அதை என் நாத்தனார்கிட்டச் சொல்லி ஆறு மாசமா அவளை வயிறெரிய வச்சிருக்கேனே!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் தொழில் அவரை இவ்வளவு தாக்கவில்லை. "பொம்பள உடம்ப வச்சுப் பொழைக்கறது ஒண்ணும் நேத்து வந்ததில்ல. ஆனா சென்ட் விஷயத்துல நீ எனக்குத் துரோகம் பண்ணிட்ட கண்ணு."

பிறகு அந்தக் குழுப் படத்தைக் காட்டினேன். இதயங்களுக்கு நடுவே என் வீட்டு எண். அவன் அதைப் பார்த்துத்தான் வந்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. "நானா காட்டிக் குடுத்தேன்?" என்று மெதுவாகக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து ஏப்ரனைக் கழற்றி எறிந்தார்.

"எவன் அவன்? இந்தக் கட்டடத்துல என் அனுமதியில்லாம ஒரு சோபா ஏறினதில்ல, ஒரு சோபா இறங்கினதில்ல. இவன் வந்து காவல் காக்கப் போறானாமா? நாளைக்குக் கூட்டம்!"

"எல்லாருக்கும் சொல்லணுமா?" என்றேன்.

"அவன் சொன்னா அது அசிங்கம். நீ சொன்னா அது தகவல்."

மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கூட்டத்துக்குக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு எங்கே!

செப்டம்பர் 19, வெள்ளி

அவசரக் கூட்டம். மூன்றாம் மாடி அம்மாள்தான் ஆரம்பித்தார். "குழந்தைங்க இருக்கற இடம் இது. நான் என்னமோ பாடம் கஷ்டம்னு நெனச்சுப் பிரார்த்தனைகூடப் பண்ணினேன்."

தோன் ஒக்தாவியோ எழுந்தார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் சிரிக்காதவர். "அந்தப் பொண்ணு கதவச் சாத்திக்கிட்டு வேலை பாக்குது. உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை கதவத் திறந்து வச்சுக்கிட்டுப் பாடறாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"உங்க நாய் லிஃப்டுல பண்றதுக்கு நீங்க முதல்ல பதில் சொல்லுங்க!"

அவ்வளவுதான். கூட்டம் நாய்க்குத் தாவிவிட்டது. யார் எப்போது மிதித்தார்கள், எந்தச் செருப்பு வீணாயிற்று என்று வாக்குமூலங்கள். என் மானம் நடுவில் அநாதையாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் அம்பாரோ மேசையைத் தட்டி, "நாய் அடுத்த கூட்டத்துல. நாளைக்கு ஒருத்தன் வரான், அதைப் பேசுங்க" என்றார். மூன்றாம் மாடி அம்மாள் பெருமூச்சுவிட்டு, "வரட்டும் பாக்கலாம். அவ வேலை எனக்குப் பிடிக்கல. அதுக்காக ஒரு பொண்ணை எவனோ வந்து தூக்கிட்டுப் போகவா விடுவோம்?" என்றார்.

தோன் வில்மர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "நான் என்னம்மா செய்யணும்?"

"புதுசா ஒண்ணும் வேணாம். வழக்கமா என்ன செய்வியோ அதையே செய்," என்றார் அம்பாரோ. இதுதான் திட்டமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. மர்யுரி ஒரு மிளகாய்ப்பொடித் தெளிப்பான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 20, சனி

எல்லாம் முடிந்தது. நிதானமாக எழுத முயல்கிறேன்.

கூடத்தில் பலூன்கள், பந்தெபோனோ ரொட்டி, பாட்டு. எல்லாரும் அவரவர் ரகசிய நண்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தோன் ஒக்தாவியோவிடம், "நான்தான் உங்க ரகசிய நண்பர்" என்றேன். "தெரியும். நாய்க்கு பிஸ்கட் வச்சது இந்தக் கட்டடத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும்," என்றார். அடுத்து அம்பாரோ என் முன்னால் வந்து நெளிந்தார். என் சீட்டு அவரிடம்தான் இருந்திருக்கிறது! "உனக்குத்தான் தினமும் வந்துக்கிட்டே இருந்துச்சே. சரி, வேற யாரோ குடுக்கறாங்கன்னு நான் ஒண்ணுமே வாங்கல," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அப்போது வாசல் இன்டர்காம் அடித்தது.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு இரும்புக் கதவுகள். முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது திறக்கும். வெளியாள் அந்த இடைவெளியில் நின்று, வில்மரின் ஜன்னல் வழியே அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டும். அட்டையை வைத்துக்கொண்டு, பெயரை உரக்கப் படித்து, வீட்டுக்காரரைக் கேட்டபின்தான் அனுப்புவார். நாட்டில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதுதான். யாரும் யோசிப்பதில்லை. வாசலைக் கண்டதும் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போகும்.

அவனுக்கும் போயிருக்கிறது.

இரண்டு வருடம் பெயரையும் ஊரையும் முகத்தையும் மறைத்தவன், கையில் தேங்காய் மிட்டாயும் ரோஜாவும் பிடித்துக்கொண்டு, வில்மர், "அட்டை ஐயா" என்றதும் எடுத்து நீட்டிவிட்டான். வில்மர் வழக்கம்போலவே செய்தார். கூடத்து ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது: "யமிலேம்மா, உங்களப் பாக்க அர்லெய் மொன்கயோன்னு ஒருத்தர் வந்திருக்கார். ஊர் பல்மீரா. மேல அனுப்பவா?"

பல்மீரா! இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பாட்டை நிறுத்தினார்கள்.

நான் போனேன். பின்னால் கட்டடமே வந்தது, கையில் தட்டுகளோடு. கம்பிகளுக்கு நடுவே அவன் நின்றான். நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. என் கனவில் வந்த அரக்கன் இவனில்லை. மெத்தைக் கடையில் உறை விரித்துக் காட்டுகிறவன் மாதிரி இருந்தான். அதுதான் தொழில் என்று பின்னால் தெரிந்தது.

"அட்டையத் திருப்பிக் குடுங்க," என்று வில்மரிடம் பதறிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்கும் உறைத்திருக்கிறது.

"வெளிய போறப்பதான் ஐயா குடுப்போம். விதி."

"நான் இன்னும் உள்ளேயே வரலையே!"

"அப்போ வெளிய போறதா கணக்குல வராதே," என்றார் வில்மர், பொறுமையாக.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "ஓரியானா, இவங்ககிட்டச் சொல்லு. நான் உன்னக் காப்பாத்தத்தான் வந்தேன்." மிட்டாய்ப் பெட்டியைக் கம்பிக்குள் நீட்டினான்.

அதைத் திருப்பித் தள்ளினேன். "எனக்குத் தேங்காய் பிடிக்காது."

"உனக்கா? ரொம்பப் பிடிக்கும்னு நீதானே சொன்னே. ஓரியானாவுக்கு உயிராச்சே..."

"ஓரியானா இங்க யாரும் இல்ல."

அவன் சுற்றிலும் பார்த்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் கட்டடமே தின்றுகொண்டு நின்று அவனைப் பார்த்தது. குரல் உடைந்து, "இவ என்ன வேலை செய்யறான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினான்.

"தெரியும்," என்றார் மூன்றாம் மாடி அம்மாள், ரொட்டியை மென்றுகொண்டே. "பிரெஞ்சு டீச்சர் இல்ல."

அம்பாரோ அவனைப் படம் பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். "நம்ம இணையப் பக்கத்துக்கு இல்ல கண்ணு, போலீசுக்கு," என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

அதே அதிகாரி. இன்றைக்குப் பெயர், அடையாள எண், படம், மிரட்டல் செய்தி, ஆறு மாடி சாட்சிகள். அம்பாரோ கூடவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இது தீவிரமான விஷயம்மா, நீங்க முன்னாடியே வந்திருக்கணும்," என்றார் அதிகாரி. நான் அவருடைய இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிந்துகொண்டார். என் தெருப்பக்கம் அவன் வரக்கூடாதென்று உத்தரவு கிடைக்குமாம்.

அறைக்காவல் பொறுப்பை இப்போது நார்வேக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். யாராவது மோசமாகப் பேசினால் அவர் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். ஆள் தானாகப் போய்விடுகிறான்.

செப்டம்பர் 29, திங்கள்

'நலம்விரும்பி' என்று புதிதாக ஒரு பெயர் அறைக்குள் வந்தது. முதல் வரியே, 'அண்டை வீட்டாரை நம்பாதே.' திரையைப் படம் பிடித்து, ஆளைத் தள்ளிவிட்டு, படத்தை அதிகாரிக்கு அனுப்பினேன். பிறகு கதவைப் போய்ச் சரிபார்த்தேன். இன்னும் சரிபார்க்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

வில்மரின் கண்டிப்பு எல்லை மீறிவிட்டது. மர்யுரியை அட்டை இருந்தும் உள்ளே விடவில்லை. படத்தில் முடி வேறு நிறமாம். அம்பாரோவின் நாத்தனாரைக் கம்பிகளுக்கு நடுவே வெகுநேரம் நிற்க வைத்துவிட்டார். அதற்கு மட்டும் அம்பாரோ ஒன்றும் சொல்லவில்லை.

இணையப் பக்கத்திலிருந்து அந்தக் குழுப் படத்தை அவர் நீக்கிவிட்டார். அந்த இடத்தில் இப்போது லிஃப்டும் நாயும்.

அக்டோபர் 25, சனி

காலையில் காவலறையில் என் பெயருக்கு ஒரு பொட்டலம். பெயரைத் தவிர எதுவும் எழுதவில்லை. பிரிக்காமல் வில்மர் பக்கமே தள்ளினேன்.

"யாரு வச்சது?"

"ரகசியம்மா," என்றார் வில்மர்.

"தோன் வில்மர்!"

மறுபேச்சில்லாமல் கேமராத் திரையை என் பக்கம் திருப்பினார். தலையில் சுருள் உருளைகளோடு தோன்யா அம்பாரோ. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அடிமேல் அடி வைத்து வந்து, பொட்டலத்தை வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

கொய்யாக் கட்டி. கூடவே பாலாடைக்கட்டி, ஈரத்துணியில் சுற்றி. நின்ற இடத்திலேயே பாதியைத் தின்றுவிட்டேன். வில்மருக்குக்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு வேலை. கொய்யா என்றாலே ஓரியானாவுக்குக் குமட்டும் என்று இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும்.